கொயினாவில் கலந்த உப்பு

நாளையிலிருந்து மருந்து அலமாரியின் சாவி, கம்பவுண்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்கள் இருவர் கையில் இருக்கும். நான் சென்னைக்கு டாக்டர் படிப்புப் படிக்கப் போகிறேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். இதை நான் அளவுக்கு மீறிச் சொல்லிக்கொள்கிறேன் என்று இந்த மருந்துச்சாலையில் ஒரு கேலி உண்டு. கேலி செய்பவர்களின் பாட்டன்மார் படித்தவர்கள். அவர்களுக்கு இது புரியாது. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

கம்பவுண்டர் வேலையில் கலக்குவது, பொட்டலம் கட்டுவது, எடை போடுவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கைக்கு வராதது ஒன்று உண்டு. அலமாரியைத் திறந்ததும் எதிரே ஒரே வெள்ளையாக நிற்கும் அத்தனை பொடிகளையும் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் வரும்வரை பொறுக்கவும் தெரிய வேண்டும்.

நான் சேர்ந்த வாரம் டாக்டரம்மா சில தட்டுகளில் வெள்ளைப் பொடிகளைக் கொட்டி என் முன்னால் வைத்தார். பேதியுப்பு, படிகாரம், ஆப்பசோடா, மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா, இன்னும் ஏதோ. சீட்டு எதுவும் இல்லை. நாக்கில் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அவை வெள்ளையாகவே இருந்தன. பிறகுதான் தண்ணீர் ஊற்றத் தோன்றியது. ஒன்று உடனே மறைந்தது. ஒன்று மெல்லக் கரைந்தது. ஒன்று தண்ணீருக்கே அசையாமல் பஞ்சுபோல மிதந்தது. எலுமிச்சைச் சாற்றைச் சொட்டியதும் ஒன்று மட்டும் நுரைத்துப் பொங்கியது. சும்மா இருக்கும்போது எல்லாப் பொருளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தண்ணீரோ நெருப்போ புளிப்போ வந்து தொட்டால்தான் அதன் குணம் வெளியே வரும். மனிதர்களும் அப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்வார். மனிதர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

நம் ஊரில் இருந்துகொண்டு பொருளின் குணத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது கடினம். போடியில் விடியும்போது மேற்கே பாருங்கள். மலை இருக்காது. வெள்ளையாக ஏதோ நின்றுகொண்டிருக்கும். அது தண்ணீர்தான், ஆனால் ஊற்ற முடியாது, குடிக்க முடியாது, நடுவே நடந்து போகலாம். வெயில் ஏறியதும் அது எங்கும் போகாமலே காணாமல் போய்விடும். அடிவாரத்தில் தண்ணீராய் ஓடும் தேங்காய் எண்ணெய் மேலே போனால் குப்பிக்குள் மெழுகாக உறைந்துவிடும். எண்ணெய் அதே எண்ணெய்தான், ஏறியது மலைதான். சின்ன வயதில் இதையெல்லாம் கனவில் வரும் காரியங்கள் போலப் பார்த்திருக்கிறேன். இவற்றுக்குக் காரணம் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு என்று தெரிந்த நாளில்தான் எனக்குப் படிப்பின்மேல் பேராசை வந்தது.

அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். உலகத்தில் சில பொருள்கள் தனியாக இருக்கின்றன, கந்தகம் போல. சில ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு, இரண்டுமே பழைய குணத்தை விட்டுவிட்டு, மூன்றாவதாக ஒன்று ஆகிவிடுகின்றன. துரு அப்படி. துருவை எத்தனை தேய்த்து அலசினாலும் அதற்குள்ளிருந்து இரும்பு எழுந்து வராது. இன்னும் சில வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. களத்தில் ஏலக்காயோடு கிடக்கும் கல் அப்படி. முறத்தில் போட்டுப் புடைத்தால் கல் வேறு, காய் வேறு. எது கூடியது, எது வெறுமனே கலந்தது என்று தெரிவது பரீட்சைக்கு ஒரு மதிப்பெண். எனக்கு அது ஒரு பெண்ணின் உயிராக வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அது ஐப்பசி மாதம். மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மாதாமாதம் மருந்து கொண்டுபோகும் கம்பவுண்டரே மலைக்காய்ச்சலில் படுத்துவிட்டதால் டாக்டரம்மா என்னை அனுப்பினார். என் அத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, அடிவாரத்து முந்தலிலிருந்து மலைக்குச் சுமை தூக்குகிறவள். பெட்டியை அவள் தலையில் வைத்துக்கொண்டாள். தன் வீட்டுப் பெண் மருந்துக்காரியாக முன்னால் நடக்க, பின்னால் சுமையோடு வருவதில் அவளுக்கு ஒரே பெருமை. அதை ஏளனமாகத்தான் காட்டுவாள்.

"ஏத்தா மருமகளே, படிச்ச காலு ஏன் இப்பிடி வழுக்குது?"

"பாறை ஈரமா இருக்குத்தை."

"பாறைக்கென்ன, அது எங்களுக்கும் ஈரமாத்தான் இருக்கு. எம் மகனைக் கட்டிக்கிட்டிருந்தா இந்நேரம் வீட்ல உக்காந்து தோசை ஊத்திருக்கலாம்ல?"

"ஒம் மகனுக்குத் தோசை ஊத்தத் தெரியும். அவனே ஊத்திக்கிடட்டும்."

அத்தை சிரித்தபோது தலைமேல் பெட்டி குலுங்கியது. மேலே ஏற ஏறப் பனி எங்களை விழுங்கியது. முன்னால் என் கையும் பின்னால் அவள் குரலும்தான் இருந்தன. இலைகளிலிருந்து அட்டைகள் எங்களை நோக்கி விரல்போல நீண்டு ஆடின. சுமைக்காரர்கள் இடுப்பில் இரண்டு முடிச்சு வைத்திருப்பார்கள். ஒன்று கஞ்சிக்கு வேண்டிய சோற்று உப்பு. மற்றது அட்டையை விடுவிக்க, உப்போடு சுண்ணாம்பும் புகையிலையும் இடித்துச் சேர்த்த அட்டை உப்பு. இந்த இரண்டு முடிச்சுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் என் மூச்சே அவற்றில்தான் நின்றது.

பிற்பகலில் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம். பறிப்பாட்களின் கங்காணி வாசலிலேயே காத்திருந்தார். பெரிய மீசை, ஆனால் முகம் வாடிக் கிடந்தது. அவருடைய தங்கை செல்லாயிக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிப்பொழுதில் குளிர் எடுக்கும். பிறகு நெருப்பாகக் காயும். போன முறை வந்தபோது அண்ணனையே அடையாளம் தெரியாமல் போய், மாலைவரை நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். அடுத்த முறை மறுநாள் உச்சியில்.

"இன்னொரு தடவை தாங்க மாட்டா தாயி," என்றார். "பொழுது சாயுறதுக்குள்ள மருந்து வந்துருச்சு, அதுவே போதும். பெட்டியைத் தொற."

திறந்தேன். கொயினா வைத்த தகரத்தை எடுத்து மூடியைத் திருப்பினேன். உள்ளே இருந்தது பொடி அல்ல. வெள்ளைச் சேறு. நடுவே பொட்டலம் கட்டிய காகிதம் நைந்து கிடந்தது. உப்புக் கற்கள் பாதி கரைந்து மினுங்கின.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தா?" என்றாள். "நாந்தான் ரெண்டு கை உப்பு போட்டு வச்சேன். மருந்துல ஈரம் ஏறக் கூடாதுல்ல? அட்டையும் நுழையாது. கண்ணும் படாது."

மலை ஏறும் சுமையில் வீட்டுப் பொருள் ஏதாவது இருந்தால் சுற்றிலும் உப்பைக் கொட்டி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். கண்ணேறு படாது என்று நம்பிக்கை. அவள் அன்போடு செய்தது அது. ஆனால் உப்பு ஈரத்தை விரட்டாது. காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். அந்தப் பனிக்காட்டில் அது வழியெல்லாம் கசிந்து, காகிதத்தைக் கரைத்து, கொயினாவோடு கலந்துவிட்டது.

கங்காணி குனிந்து பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் குரல் மாறியது. "மருந்துல உப்பைக் கொட்டினவளா இவ? என் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த மலையில ஒன் சுமை ஏறாது, தெரிஞ்சுக்க."

அத்தை மெல்ல வெளியே போய்விட்டாள்.

போடிக்கு ஆள் அனுப்பி வேறு மருந்து கொண்டுவரலாமா என்று முதலில் யோசித்தேன். இறங்கி ஏறி வருவதற்குள் மறுநாள் உச்சி கடந்துவிடும். கங்காணி அதற்குள் ஒரு கரண்டியை எடுத்து வந்துவிட்டார்.

"இதை அப்பிடியே குடுத்துரு தாயி. உப்பும் கசப்பும் வாயிலதான் வேற. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?"

இந்த இடத்தில்தான் நீங்களும் தடுமாறுவீர்கள். எதிரே ஒருவர் கரண்டியோடு நிற்பார். ஏதாவது செய் என்று அவர் கண் கெஞ்சும். செய்துவிட்டால் கெஞ்சல் நிற்கும். ஆனால் அந்தக் கரண்டியில் மருந்து எவ்வளவு, உப்பு எவ்வளவு? குறைந்தால் காய்ச்சல் நிற்காது. கூடினால், கொயினா கண்ணையும் காதையும் நெஞ்சையும் பிடிக்கும். அவ்வளவு உப்பு வயிற்றில் தங்கவும் தங்காது. எல்லாம் வாந்தியாக வந்துவிடும். அளவு தெரியாத மருந்தை நான் மருந்து என்று சொல்ல மாட்டேன்.

"கரண்டியைக் கீழே வைங்கண்ணே," என்றேன். "உப்பு மட்டும் கலந்திருந்தா என்னால பிரிக்க முடியும்."

அந்த 'மட்டும்' என்ற சொல் என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எந்த முடிச்சிலிருந்து எடுத்த உப்பு? சோற்று உப்பு என்றால் அது கொயினாவோடு வெறுமனே பக்கத்தில் நிற்கிறது. அட்டை உப்பு என்றால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பு சும்மா பக்கத்தில் நிற்காது. கொயினாவை அதன் கூட்டிலிருந்து பிய்த்துவிட்டு, தானே வேறொரு கூட்டாகும். புகையிலையின் நஞ்சு வேறு சேர்ந்திருக்கும். அப்படியானால் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

வெளியே ஓடினேன். அத்தை பனியில் ஒரு மரத்தடியில் குந்தியிருந்தாள்.

"அத்தை, எந்த முடிச்சு?"

"சோத்து உப்புதாந்தா. அட்டை உப்பைப் போடுவேனா மருந்துல?" பிறகு தன்னையே சந்தேகப்பட்டாள். "சோத்து உப்புதான்... இருட்டோட கிளம்பினோம். ரெண்டும் ஒரே துணியிலதான் கிழிச்சது. எனக்கு இப்பச் சொல்லத் தெரியலையே ஆத்தா."

அவள் உண்மை சொன்னாள். ஆனால் அவள் நிச்சயமும் எனக்குப் போதாது, சந்தேகமும் போதாது. பொருளையே கேட்க வேண்டும். கொட்டகை அடுப்படியில் மஞ்சள் இருந்தது. ஆரத்திக்குத் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு போட்டால் சிவப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். தகரத்தின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சேற்றைத் தனித்தனியே எடுத்து, வெள்ளைத் துணியில் தீட்டிய மஞ்சளின் மேல் வைத்தேன். மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மஞ்சளாகவே இருந்தது. பக்கத்தில் அத்தையின் அட்டை உப்பைத் துளி வைத்துப் பார்த்தேன். அந்த இடம் குங்குமமாகச் சிவந்தது.

கங்காணி என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரத்தி எடுக்கவா வந்த?" என்றார். முதல் தடவையாக மீசைக்குள் ஏதோ அசைந்தது.

பிறகு நடந்தது அலசல்தான். கரையாமல் கிடந்த உப்புக் கற்களை முதலில் கையால் பொறுக்கி ஓர் இலையில் ஒதுக்கினேன். கொயினா குளிர்ந்த தண்ணீரில் மிக மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். உப்போ வாய்திறந்து விழுங்கியதுபோலக் கரைந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்தின்மேல்தான் நான் நின்றேன். கங்காணி உதவி செய்யும் ஆசையில் அடுப்பிலிருந்து ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெந்நி கொண்டாந்துருக்கேன். வெரசாக் கரைஞ்சுரும்."

"மருந்தும் சேர்ந்து கரைஞ்சு போயிரும்ண்ணே. ஓடைத் தண்ணி கொண்டாங்க. எவ்வளவு குளிர்ச்சியா கிடைக்குமோ அவ்வளவு."

ஓடைத் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினேன். கொயினா மெல்லிய ஊசிகளாகக் கிண்ணத்துக்குள் சுழன்றது. வெளியே நின்ற பனி உள்ளே வந்து தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது போல இருந்தது. அதை மடித்த துணியில் வடித்தேன். மறுபடியும் ஊற்றினேன், வடித்தேன். ஒவ்வொரு முறையும் உப்பு போகிறது. ஒவ்வொரு முறையும் மருந்திலும் சிறிது போகிறது. எப்போது நிறுத்துவது? நாக்கு உதவாது, கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். மூன்றாவது அலசலோடு நிறுத்தினேன். வடித்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கொட்டவில்லை. இதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது வெளியே போவதையும் பத்திரப்படுத்துங்கள். எதைத் தூக்கி எறிந்தோம் என்று பிறகுதான் தெரியவரும்.

துணியோடு கொயினாவை ஏலக்காய் உலர்த்தும் அறையில் இளஞ்சூட்டில் பரப்பினேன். அந்த வாசனையில் எனக்குத் தலை கிறங்கியது. வெளியே வந்தால் அத்தை இன்னும் அதே மரத்தடியில் இருந்தாள். அவள் கணுக்காலில் அட்டைகள் கொழுத்துத் தொங்கின. இடுப்பில் இரண்டு முடிச்சும் இருந்தும் அவள் கை உப்பைத் தொடவில்லை.

"எடுத்து விடேன் அத்தை."

"உப்புல இனி நான் கை வைக்கல."

இலையில் ஒதுக்கியிருந்த உப்பை எடுத்து வந்து ஒவ்வொரு அட்டையின் மேலும் வைத்தேன். அவை சுருண்டு விழுந்தன. "பாத்தியா, உப்பு ஒரு தப்பும் பண்ணல," என்றேன். "மருந்தும் அப்படியேதான் இருக்கு. ரெண்டும் பக்கத்துல உக்காந்துருச்சு, அவ்வளவுதான்." அத்தை என் தலையைத் தொட்டாள். அவள் விரல் ஜில்லென்றிருந்தது.

மறுநாள் விடிந்தது என்பதைக் கோழிதான் சொன்னது. வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. கொயினா உலர்ந்து இறகுபோல இருந்தது. ஆனால் அதில் உப்பு மிச்சமிருக்கிறதா என்று தெரிந்தால்தான் நான் தராசில் போடும் எடைக்கு அர்த்தம்.

தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி உண்டு. கொயினாவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து வெயிலில் பிடித்தால், நிறமே இல்லாத அந்தத் தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு நீலம் எழும். மயில் கழுத்தும் அல்ல, வானமும் அல்ல. தண்ணீர் கனவு காண்பது போல ஒரு நீலம். உப்புத் தண்ணீர் ஒட்டியிருந்த கிண்ணத்தில் அந்த நீலம் அணைந்துபோனதை இங்கே மருந்துச்சாலையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உப்பு ஏன் அதை அணைக்கிறது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. சென்னையில் போய்க் கேட்பேன். எப்படியோ, நீலம் நன்றாக எழுந்தால் உப்பு போய்விட்டது. மங்கினால் மிச்சம் இருக்கிறது.

ஆனால் நீலத்துக்கு வெயில் வேண்டும். வெயில் இல்லை.

கங்காணி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தார். மருந்து உச்சிப்பொழுதுக்கு வெகு நேரம் முன்பே உடம்புக்குள் போயாக வேண்டும். செல்லாயி விழித்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"என்னக்கா, வானத்தையே பாக்குறீக?" என்றாள்.

"வெயிலுக்குக் காத்திருக்கேன்."

"ஐப்பசியிலயா?" என்று சிரிக்கப் பார்த்தாள். "அதுக்கு என் காச்சலு முந்திக்கிரும்."

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். உண்மை முழுதாகத் தெரியும்வரை காத்திருப்பது நல்ல குணம். ஆனால் காய்ச்சல் காத்திருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: நான் தப்பாக இருந்தால், எந்தப் பக்கம் தப்பாக இருப்பேன்? இதில் உப்பு மிச்சமிருந்தாலும் சரி, ஈரம் மிச்சமிருந்தாலும் சரி, நான் நிறுக்கும் எடையில் மருந்து குறையத்தான் செய்யும், அளவுக்கு மேல் போகாது. குறைந்ததைப் பிறகு ஈடுசெய்யலாம். கூடினதை உள்ளே போனபின் திரும்ப எடுக்க முடியாது. தப்பு சாயும் பக்கம் தெரிந்துவிட்டால், தப்போடேகூட நடக்கலாம்.

முழுவதும் மருந்துதான் என்று வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன அளவை நிறுத்து, எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக் கொடுத்தேன். செல்லாயி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எங்க மாமியா பேச்சே தேவலை," என்றாள். வாந்தி வரவில்லை.

கொஞ்சம் கரைசலைக் கண்ணாடி அளவுக்குப்பியில் வைத்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். அத்தை தன் கறுப்புக் கம்பளியைப் பின்னால் விரித்துப் பிடித்தாள், நிறம் தெரிவதற்காக. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பனி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நான் நிற்கிறேனா, நகர்கிறேனா என்றுகூட ஒரு கட்டத்தில் தெரியவில்லை. உலகத்தில் எல்லாமே ஒன்றோடொன்று கலந்துபோய், பிரிப்பதற்கு யாருமில்லாத காலத்தில் நிற்பது போல இருந்தது.

அப்போது எங்கோ மேலே ஒரு கிழிசல் விழுந்தது. ஒரு கீற்று வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து வந்து, அத்தையின் கையைத் தொட்டு, குப்பியைத் தொட்டது.

"ஏத்தா," என்று அத்தை மூச்சுக்குள் சொன்னாள். "தண்ணி முழிச்சுக்கிருச்சு."

நீலம் எழுந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த நீலம் அல்ல. மங்கிய, சாம்பல் பூத்த நீலம். அதற்குள் பனி மூடிக்கொண்டது. எனக்கு அது போதும். பெரும்பாலும் கொயினாதான், உப்பும் கொஞ்சம் இருக்கிறது. நான் கொடுத்தது குறைவு. உள்ளே போய், குறைந்திருக்கும் என்று தோன்றியதற்கு ஈடாக இன்னும் சிறிது நிறுத்துக் கொடுத்தேன். எல்லாம் தூய மருந்தாகவே இருந்தாலும், ஒரு நாளைக்கு இதற்கு மேல் கூடாது என்று டாக்டரம்மா வகுத்த எல்லையை அது தாண்டாது. அதைக் கணக்குப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை. நம் தொழிலில் மிகக் கடினமான பகுதி அதுதான். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

உச்சிப்பொழுது நெருங்கியது. கங்காணி இருந்த கம்பளிகளையெல்லாம் கட்டில் பக்கத்தில் அடுக்கிவைத்து, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் செல்லாயியின் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் வருமுன் நகம் நீலம் பாரிக்கும். அத்தை வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

செல்லாயி திடீரென்று தலையைத் திருப்பினாள்.

"அண்ணே, என்ன இந்தச் சில்வண்டு இப்பிடிக் கத்துது? காதை அடைக்குது."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் காது கொடுத்தேன். பனி திரும்பவும் இறங்கிவிட்டிருந்தது. காட்டில் ஒரு பூச்சியின் சத்தமும் இல்லை. இலையிலிருந்து சொட்டு விழும் சத்தம் மட்டும்.

"எங்க தாயி கத்துது?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு காதுலயும். மரமே கத்துற மாதிரி இருக்கே. ஒங்களுக்குக் கேக்கலையா?"

கங்காணி மடியிலிருந்த கம்பளியை விரித்தார். "பெனாத்துறாளே! போன தடவையும் இப்பிடித்தான் என்னமோ பேசினா. ஆரம்பிச்சுருச்சு தாயி, ஆரம்பிச்சுருச்சு..."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெனாத்தல் இல்லண்ணே. கொயினா உடம்புல ஏறினா காதுக்குள்ள இப்படித்தான் இரையும். அது உப்பு போடுற சத்தம் இல்ல. மருந்து போடுற சத்தம்."

அவர் நம்பாமல் தங்கையின் நெற்றியில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, வாசலில் நின்றவளைப் பார்த்து, "உள்ள வந்து உக்காரு ஆத்தா, பனியா இருக்கு," என்றார். அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்லாயியின் உதடு ஒருமுறை துடித்தது. தோளில் ஒரு சிறு நடுக்கம் ஓடி, அப்படியே நின்றுவிட்டது. நகங்கள் வெளுத்திருந்தன; நீலம் வரவில்லை. உச்சி எப்போது கடந்தது என்று அந்தப் பனியில் யாருக்கும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, உடம்பு காயாமலே, அவள் போர்வையைக் காலால் தள்ளிவிட்டாள்.

"அந்த வண்டை யாராச்சும் வெரட்டுங்களேன்," என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எங்களில் ஒருவருக்கும் கேட்காத அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.